எந்த நேத்து?

1

எங்கள் அலுவலகத்தில் கோப்பி இயந்திரத்துக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பெரிய எழுத்தில், தமிழில், 'எந்த நேத்து?' என்று அச்சடித்த தாள். ஒட்டியவர் எங்கள் மேலாளர் ஹென்க். அவருக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. முதலில் தலைகீழாகத்தான் ஒட்டினார். யாராவது கேட்பார்கள் என்று நானும் அப்படியே விட்டுவைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் நானே ஏறித் திருப்பி ஒட்டினேன்.

போன வாரம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் கோப்பிக் கோப்பையோடு அதன் முன்னால் பணிவாக நின்று, "இது உங்கள் சமயத்து மந்திரமா?" என்று கேட்டார். "ஆமாம், காலையில் வேலை தொடங்கும் முன் சொன்னால் நல்லது" என்றேன். மறுநாள் உச்சரிப்புச் சொல்லித்தரும்படி வந்து நின்றார். பாவமாகிவிட்டது. உட்காரவைத்துக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பெரட்டு என்றால் என்னவென்று விளக்குவதற்குள் அவருடைய பாண் துண்டுகள் இரண்டும் தீர்ந்து, மத்தியான இடைவேளையும் முடிந்துவிட்டது.

ஊவா மலைநாட்டுக்காரர்களுக்கு அவ்வளவு விளக்கம் வேண்டியதில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். விஷயம் இதுதான்: என் அப்பா ஹாலந்துக்கு வந்தே ஆகவேண்டியிருந்தது. வராவிட்டால் ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஊருக்கும் அவரால் திரும்பிப்போக முடியாது. ஏன் முடியாது என்று சொன்னால் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் எல்லாம் முடிந்த பிறகுதான் சிரித்தேன்.

2

முதலில் என் வேலை. ஊரில் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். இந்த முறை தப்ப வழியில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டில் பூவை ஏலம் போடுகிறார்கள். நம் ஊர் ஏலத்துக்கு நேர்மாறு. விலை மேலே இருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும். முதலில் பொத்தானை அழுத்துகிறவருக்குப் பூ. பொறுத்தால் விலை குறையும், ரொம்பப் பொறுத்தால் பூவே போய்விடும். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு லொறி ரோஜா கைமாறிவிடும். ஏலக் கூடத்துக்கு வராமல் தூரத்து ஊரில் இருந்தபடியே அழுத்த ஆசைப்படும் வியாபாரிகளும் உண்டு. அவர்களுக்கு இங்கே திரையில் தெரிவது அங்கேயும் உடனே தெரிய வேண்டும். ஆனால் இடையில் போகும் தொலைபேசிக் கம்பியோ மெலிந்தது, நிறையத் தகவல் தாங்காது.

அதனால் தகவலைச் சுருக்கி அனுப்பி, அந்தப் பக்கம் விரிக்க வேண்டும். படமோ பாட்டோ என்றால் சுருக்கும்போது கொஞ்சம் தேய்ந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். இது விலை. ஒரு எழுத்து, ஒரு எண் குறையக்கூடாது. அதற்குமேல், அவசரம். சாதாரணமாக ஒரு கணினி எதையாவது சுருக்கும்போது, முழுவதையும் வாங்கி வைத்துக்கொண்டு ஆற அமரப் படிக்கும். எங்களுக்கு அந்தச் சொகுசு இல்லை. ஒரு எழுத்து உள்ளே வரும்போதே முந்தைய எழுத்து வெளியே போய்க்கொண்டிருக்க வேண்டும். அதற்காகவே ஒரு மின்சுற்றுப் பலகையை நாங்கள் வடிவமைத்தோம். அனுப்பும் முனையில் ஒன்று, வாங்கும் முனையில் ஒன்று.

தந்திரம் எளிது. சற்று முன் போனதை இரண்டு பலகைகளும் நினைவில் வைத்திருக்கும். அதே சொல் திரும்ப வந்தால், அனுப்பும் பலகை அந்தச் சொல்லை அனுப்பாது. 'இத்தனை எழுத்துக்கு முன்னால் போனதை மறுபடி எழுதிக்கொள்' என்று சின்னக் குறிப்பு ஒன்றை மட்டும் அனுப்பும். முன்னால் போனது எங்கே இருக்கிறது என்று வரிசையாகத் தேட நேரமில்லை. அதனால் நினைவில் உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குட்டிச் சுற்று காவல் நிற்கும். புது எழுத்து வந்ததும் எல்லாரிடமும் ஒரே நேரத்தில் கேட்போம். யாரிடம் இருக்கிறதோ அவர் கை தூக்குவார்.

இதை நான் வரைந்து காட்டியபோது ஹென்க் என் மூளையைப் பாராட்டினார். பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். உண்மையில் நான் வரைந்தது பெரட்டை.

3

விடிந்ததும் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடி, இன்றைக்கு யாருக்கு எந்த மலை, என்ன வேலை என்று கேட்டுக்கொண்டு கலைந்து போவதுதான் பெரட்டு. தொண்ணூறுகளில், பள்ளிக்கூடம் போகும் வழியில் தினமும் அதைக் கடந்துதான் போவேன். நடுவில் ஸ்வெட்டரும் குடையுமாக என் அப்பா, கருப்பையா கங்காணி, நிற்பார்.

அப்பா பேச்சில் மகா கஞ்சன். வாயைத் திறந்தால் பனி உள்ளே போய்விடும் என்று பயந்தவர் போல இருப்பார். மற்ற கங்காணிமார் பெயர் பெயராகக் கூப்பிட்டு, மலை மலையாகப் பிரித்து, தொண்டை கட்டிப்போவார்கள். அப்பா சொல்வது ஒன்றே ஒன்று.

"நேத்து மாதிரி!"

அவ்வளவுதான். கூட்டம் கலைந்துவிடும். ஏதாவது மாறினால், "நேத்து மாதிரி. கவ்வாத்து மட்டும் மூணாம் நம்பரு" என்பார். செடி கத்தரிக்கிறவர்கள் மட்டும் மூன்றாம் நம்பர் மலைக்குத் திரும்புவார்கள். மாறியதை மட்டும் சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை. விதிவிலக்கு ஒன்றுதான். பெரட்டுக்குப் புது ஆள் வந்திருந்தால் தனியாகக் கூப்பிட்டு, மலை எது, குறுக்குப் பாதை எது, அட்டை எங்கே அதிகம், தண்ணீர் எங்கே குடிக்கலாம் என்று முதலில் இருந்து கடைசி வரை சொல்லுவார். அந்த ஆளின் முகத்தில் வெளிச்சம் வரும் வரைக்கும் விடமாட்டார். பழைய ஆளுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

சரோஜா அக்கா பழைய ஆள். தங்கை மகள் கல்யாணத்துக்கென்று பசறைக்குப் போய், நாலைந்து நாள் தங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஒரு காலை நேராகப் பெரட்டில் வந்து நின்றார். அப்பா குடையைத் தூக்கி, "நேத்து மாதிரி!" என்றார். அக்கா கூடையை மாட்டிக்கொண்டு, தான் கடைசியாகக் கொழுந்து பறித்த ஏழாம் நம்பர் மலைக்குப் போய்விட்டார். மற்ற எல்லாரும் எப்போதோ வேறு மலைக்கு மாறியிருந்தார்கள். அக்கா தனியாக, சந்தேகமே இல்லாமல், பகல் முழுக்கப் பறித்தார். அந்தி நேரத்தில் சாக்கு நிறையக் கொழுந்தோடு நிறுக்கும் இடத்துக்கு வந்தால், அங்கே ஒரு நாய்கூட இல்லை.

சாக்கோடு நேரே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"எந்த நேத்துங்க கங்காணி?"

"ஒலகத்துக்கே ஒரு நேத்துதான்" என்றார் அப்பா.

"எனக்கு நேத்து பசறையில கல்யாணச் சாப்பாடு. அப்ப நான் பசறைக்கே போயி எலயில ஒக்காந்துருக்கணுமா? சொல்லுங்க!"

லயத்து வரிசை வீடெல்லாம் வெளியே வந்து சிரித்தது. அம்மாகூட அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா தன் வழக்கத்தை மாற்றவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அவர் "நேத்து மாதிரி!" என்றதும் பின்வரிசையில் இருந்து பெண்கள் ராகம் போட்டு, "எந்த நேத்துங்க?" என்பார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நான் பஸ்ஸுக்கு ஓடுவேன். பதுளையிலும் பிறகு கண்டிப் பக்கமும் படித்து, மின்னணுப் பொறியியல் முடித்து, ஹாலந்தில் வேலை கிடைத்து விமானம் ஏறினேன். இனி ஜென்மத்துக்கும் பெரட்டு இல்லை என்று நினைத்தேன். இங்கே தினமும் காலையில் எல்லாரும் வட்டமாக நின்று, யார் இன்று என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டுமாம். நிற்கிறேன்.

4

என் மகள் ஆரணிக்கு ஐந்து வயதானபோது அப்பாவை இங்கே அழைத்தேன். அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பேத்தியை அவர் படத்தில்தான் பார்த்திருந்தார். "வாங்கப்பா, ரெண்டு மாசம் இருந்துட்டுப் போங்க" என்றேன். "சரி" என்றார். ஒரு சொல்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அங்கே அவர் செய்த காரியம் எனக்குப் பிறகுதான் தெரியும். விசாவுக்கு மனு மட்டுமே போட்டிருந்த நிலையில், தோட்டத்தில் விடைபெற்றுவிட்டார். மாரியம்மன் கோயிலில் பூசை. மாலை. தப்பு மேளம் அடித்து ரோடு வரைக்கும் ஊர்வலம். சரோஜா அக்கா தன் கையால் ஒரு கம்பளித் தொப்பி போட்டுவிட்டு அழுதிருக்கிறார். விசா இன்னும் வரவில்லையே என்று யாரோ கேட்டதற்கு, "மக கூப்புட்டிருக்கு. யாரு வேணாங்கப் போறா?" என்றாராம்.

கொழும்பில் தூதரகத்தார் வேணாம் என்றார்கள். நேர்முகத்தில் அப்பா எல்லாவற்றையும் அழகாகச் சொல்லியிருந்தார். ஆனால் இங்கிருந்து நாங்கள் அனுப்பிய ஒரு சான்றிதழ் அதற்குள் காலாவதியாகிவிட்டதாம். புதிதாக மனுப் போட வேண்டும்.

மாலையும் தப்புமாக ஏற்றிவிட்ட ஊருக்கு எந்த முகத்தோடு திரும்பிப் போவது? அப்பா போகவில்லை. பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் கொம்யூனிகேஷன் கடை, அதாவது காசுக்குப் போன் பேசும் கடை, நடத்தும் என் தம்பி முருகேசுவின் அறையில் ஒளிந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்க வருவார்கள் என்று, அன்றைக்கு வெயிலிலும் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டுதான் வெளியே போவாராம்.

ஒளிந்தவர் சும்மா இருந்திருக்கலாம். சுகமாகப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லாவிட்டால் ஊர் கவலைப்படுமே என்று, தம்பி கடையில் இருந்தே தோட்டத்து ரோட்டுக் கடைக்குப் போன் போட்டிருக்கிறார். அந்தக் கடை சரோஜா அக்காவின் மகனுடையது. போனை எடுத்தது அக்கா.

"வந்து சேந்துட்டேன். ஹாலந்துல குளிருன்னா குளிரு, தாங்கல" என்றார் அப்பா.

அந்த நேரம் பார்த்துக் கடை வாசலில் ஒரு பஸ் கண்டக்டர், "ஹாலிஎல, எல்ல, பண்டாரவளை! பண்டாரவளை!" என்று உயிர் போகக் கத்தினான்.

சரோஜா அக்கா கொஞ்சம் யோசித்து, "ஹாலந்துலயும் பண்டாரவளைக்கு பஸ்ஸு ஓடுதா கங்காணி?" என்றார்.

அப்பா போனை வைத்துவிட்டார். இதையெல்லாம் தம்பி எனக்குச் சொன்னபோது பக்கத்தில் நின்று கேட்ட என் கணவர் சிவா, யாழ்ப்பாணத்துக்காரர், "இப்ப உம்மட அப்பா எங்க நிக்கிறார்? ஹாலந்திலயோ, பதுளையிலயோ?" என்று நிதானமாகக் கேட்டார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஆரணியும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து வீட்டுச் செய்தி சொல்லச் சொல்வார்கள். எங்கள் வீட்டுச் செய்தி: என் தாத்தா ஊராருக்குப் பயந்து ஒளிந்திருக்கிறார். டச்சு மொழியில் பிசகே இல்லாமல் சொல்லியிருக்கிறாள். அன்று மாலை ஆசிரியை என்னைத் தனி அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். "உங்கள் தந்தையை யாராவது தேடுகிறார்களா? எங்களிடம் தயங்காமல் சொல்லலாம்" என்றார். என் டச்சு அவசரத்துக்கு உதவாது. மாலை, தப்பு, தொப்பி என்று ஒவ்வொன்றாக விளக்க விளக்க அவர் முகம் இன்னும் கலவரமானது.

5

இரண்டாவது மனு. சான்றிதழெல்லாம் புத்தம் புதிது. நேர்முகம் முடிந்த கையோடு அப்பா போன் செய்தார். குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"பாப்பா, பிரமாதமா முடிஞ்சிருச்சு. ஒரு வார்த்த மாத்திப் பேசல."

"என்னப்பா கேட்டாங்க?"

"அன்னிக்கி கேட்டதேதான். எதுக்குப் போறீங்கன்னாங்க. போன தடவ சொன்னதுதான்னேன். யாரப் பாக்கன்னாங்க. அதே ஆளுதான்னேன். எத்தன நாளைக்கின்னாங்க. மாத்தம் ஒண்ணும் இல்லேன்னேன்."

"திரும்பி வருவீங்களான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. அதையும் அன்னிக்கே சொல்லிட்டேன்னு சொல்லிப்புட்டேன்."

அதே வாரம் எங்கள் பலகைக்கும் நேர்முகம். ஏலக் கூடத்தார் பார்க்க வந்தார்கள். அறையின் ஒரு பக்கம் அனுப்பும் பலகை, மறு பக்கம் வாங்கும் பலகை, நடுவில் வேண்டுமென்றே போட்ட மெலிந்த கம்பி. காலை முழுக்க அருமையாக ஓடியது. விருந்தினர்களுக்கு ஹென்க் ஆப்பிள் கேக் வெட்டினார். வெட்டிய தட்டை வைக்க இடம் தேடி, வாங்கும் பலகையின் விளிம்பில் வைத்தார். அங்கேதான் அதை முதலில் இருந்து தொடங்க வைக்கும் பொத்தான் இருந்தது. தட்டு அதை ஒரு தரம் அழுத்திவிட்டதை யாரும் கவனிக்கவில்லை.

வாங்கும் பலகை விழித்துக்கொண்டு எழுத்துகளைப் புதிதாக எண்ண ஆரம்பித்துவிட்டது. அனுப்பும் பலகைக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு 'முன்னால் போன மாதிரி, முன்னால் போன மாதிரி' என்று அனுப்பிக்கொண்டிருந்தது. வாங்கும் பலகையின் நினைவு அழிந்திருந்தாலாவது திரையில் குப்பை வந்திருக்கும், கண்டுபிடித்திருப்போம். அழியவில்லை. காலையில் போன பழைய பெயர்கள் அதில் அப்படியே இருந்தன. அதில் இருந்து கைக்கு வந்ததை எடுத்து, கொஞ்சமும் தயங்காமல் திரையில் போட்டது. எல்லாம் வந்து சேர்ந்த பிறகு சரிபார்க்கலாம் என்றால் அதற்குக் காத்திருக்க வேண்டும், காத்திருக்கத்தான் எங்களுக்கு நேரமில்லையே.

பெரிய மீசை வைத்த ஒரு பூ வியாபாரி சோதனைக்காகப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் வெள்ளை ரோஜா, நம்ப முடியாத விலையில் வந்தது. அழுத்தினார். முகமெல்லாம் பல். எழுந்து அனுப்பும் பக்கத்துத் திரையை வந்து பார்த்தால், அவர் வாங்கியிருந்தது ஒரு லொறி கள்ளிச்செடி.

சோதனை ஏலம்தான், யாருக்கும் நஷ்டமில்லை. ஹென்க் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நான் மட்டும் சாக்கு நிறையக் கொழுந்தோடு ஆளில்லாத மலையில் நிற்கும் சரோஜா அக்காவைப் பார்த்தேன். என்னை அறியாமல், அறை முழுக்கக் கேட்கும்படி, "எந்த நேத்து?" என்று தமிழில் கத்திவிட்டேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். விளக்க வேண்டியதாகிவிட்டது. இரண்டு முனையும் ஒன்றாகவே விழித்து, ஒன்றாகவே வேலை செய்து, ஒன்றாகவே படுக்கப்போகும் என்று எண்ணி அதை வடிவமைத்திருக்கிறேன். தோட்டத்தில் வளர்ந்தவளுக்குத்தான் அப்படித் தோன்றும். பெரட்டுக்கு எல்லாரும் தினமும் வருவார்கள் என்பது எங்கள் ரத்தத்தில் இருக்கிறது. பசறைக்குக் கல்யாணத்துக்குப் போகும் பலகையை நான் நினைத்தே பார்க்கவில்லை. மீசைக்காரர் கதையைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கள்ளிச்செடியை மன்னித்தார்.

"ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து சொன்னால் அப்புறம் சுருக்கம் எங்கே?" என்று ஹென்க் கேட்டார். ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்றேன். வாங்கும் முனை எப்போது விழித்தாலும் முதல் வேலையாக 'நான் புது ஆள்' என்று ஒரு குரல் கொடுக்கட்டும். அதைக் கேட்டதும் அனுப்பும் முனை பழையதை எல்லாம் மறந்துவிட்டு முதலில் இருந்து தொடங்கட்டும். அதுவரை திரை வெறுமையாக இருக்கட்டும், தப்பான பூவைக் காட்டுவதைவிட அது மேல். அந்த மாதமே அப்படி மாற்றினோம். ஏலக் கூடத்தார் வாங்கிக்கொண்டார்கள். ஹென்க் அந்தச் சொற்களை எழுதித்தரச் சொல்லி, கோப்பி இயந்திரத்துக்கு மேலே ஒட்டினார்.

6

அப்பாவுக்கு மறுப்புக் கடிதம் வந்தது. பயணத்தின் நோக்கம் தெளிவாக்கப்படவில்லை என்று இருந்ததாம். தம்பி படித்துக் காட்டியதும் அப்பா முதல் முறையாகச் சொன்னார்: "விட்ரு பாப்பா. நான் இங்கயே எங்கயாச்சும் இருந்துக்கிறேன்."

ஊருக்கும் போகமுடியாமல், மகளிடமும் வரமுடியாமல், எழுபதை நெருங்கும் மனிதர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் எங்கயாச்சும் இருந்துகொள்கிறாராம். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

"அப்பா, அவங்க கேட்டதுக்கு நீங்க ஏன் பதிலே சொல்லல?"

"சொன்னேனே. ஒரே கேள்விய ரெண்டாந் தடவ கேக்குறாங்கன்னா என்னா அர்த்தம்? பொய் சொல்றோமான்னு பாக்குறாங்க. மாத்திப் பேசுனா மாட்டிக்குவோம்ல?"

"அன்னிக்கி கேட்டது ஒரு ஆளுப்பா. இப்ப கேட்டது வேற ஆளு."

"ஆபிசு ஒண்ணுதானே?"

"ஆபிசு ஒண்ணுதாம்ப்பா. ஆளு புதுசு."

இந்தத் தொலைபேசியில் எதையும் சொன்னால் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும், பழகியதுதான்.

"புது ஆளா?" என்றார்.

"ஆமாப்பா. அன்னிக்கித்தான் பெரட்டுக்கு வந்துருக்காங்க. அவங்களுக்கு நேத்துன்னு ஒண்ணே கெடையாது."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? புது ஆளுக்கு மொதல்ல இருந்துல்ல சொல்லணும்! பாவம், அந்தப் பொம்பளப்புள்ள என்னா முழி முழிச்சிச்சு தெரியுமா?"

7

மூன்றாவது நேர்முகத்துக்குத் தம்பி கொழும்புக்குக் கூடப் போனான். காலையில் உள்ளே போன அப்பா மத்தியானமாகியும் வெளியே வரவில்லை. பிடித்து வைத்துவிட்டார்கள் என்று பயந்து தம்பி எனக்குப் போன் செய்தான். நான் அலுவலகக் கழிவறையில் நின்று மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

உள்ளே நடந்தது இது. அப்பா போய் உட்கார்ந்ததும் அதிகாரியை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க புது ஆளாங்க?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றதும் ஆரம்பித்துவிட்டார். பாட்டனார் திருச்சிப் பக்கத்தில் இருந்து கப்பல் ஏறியதில் தொடக்கம். காடு வெட்டியது, தேயிலை நட்டது, தான் பிறந்தது, அம்மாவைக் கட்டியது, நான் படித்தது, அம்மா போனது. அப்புறம் மாலை, தப்பு, தொப்பி. அப்புறம் பதுளையில் ஒளிந்தது, பண்டாரவளை பஸ். மொழிபெயர்த்த பெண் இடையில் இரண்டு தரம் தண்ணீர் குடித்தாராம். பஸ் வந்த இடத்தில் அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்திருக்கிறார். கடைசியாக, நிச்சயம் திரும்பி வருவீர்களா என்று கேட்டிருக்கிறார்.

"வராம? தோட்டத்துல போயி சொல்லாட்டி, போனதுக்கு என்னாங்க பிரயோசனம்?"

விசா கிடைத்தது.

விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு திறந்து அப்பா வந்தார். கம்பளித் தொப்பி, கோட்டு, கையில் குடை. இளைத்திருந்தார். "எப்புடிப்பா இருக்கீங்க?" என்றேன்.

"அதே மாதிரிதான் பாப்பா" என்றார்.

எனக்கு அது போதும். அந்த ஒரு சொல்லில் இருந்து அவருடைய இத்தனை வருடத்தையும் என்னால் விரித்துக்கொள்ள முடிந்தது. அங்கேயே நின்று அழுதேன்.

ஆரணி என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அப்பா அவளைப் பார்த்தார். படங்களில் பார்த்ததை எல்லாம் வைத்து அவளை அள்ளித் தூக்குவார் என்று எதிர்பார்த்தேன். தூக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, மெதுவாக, "புது ஆளுல்ல?" என்றார்.

"புது ஆளுதாம்ப்பா."

பெட்டியைப் படுக்கப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார், அவள் கண்ணும் அவர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி. "எம் பேரு கருப்பையா" என்று தொடங்கினார். "நான் ஒங்கம்மாவோட அப்பா. எங்க ஊருல மல இருக்கு. மலையில தேயில இருக்கு..." ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "காசு கட்டி வாகனம் நிப்பாட்டின நேரம் முடியுது" என்று சிவா காதில் சொன்னார், பிறகு அவரும் நின்று கேட்க ஆரம்பித்தார். அட்டை கடிக்கும் இடத்துக்கு வந்தபோது ஆரணி என் பின்னால் இருந்து வெளியே வந்தாள். முடித்ததும் தன் முறை என்று எண்ணிக்கொண்டாள். சிவாவிடம் கற்ற யாழ்ப்பாணத் தமிழில், "என்ட பேர் ஆரணி. எனக்கு அஞ்சு வயசு. எங்கட ஊரில மலை இல்லை" என்றாள்.

மறுநாள் காலை, கோப்பி குடித்த கையோடு, அப்பா தோட்டத்துக்குப் போன் போடச் சொன்னார். கோட்டுப் பொத்தானை எல்லாம் மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார். ரோட்டுக் கடையில் சரோஜா அக்காதான் எடுத்தார். பக்கத்தில் இருந்த எனக்கும் அக்காவின் குரல் கேட்டது.

"வந்து சேந்துட்டேன். ஹாலந்துல இருந்து பேசுறேன்" என்றார் அப்பா.

பஸ் சத்தம் வருகிறதா என்று அக்கா காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். பிறகு கேட்டார்:

"எந்த ஹாலந்துங்க கங்காணி?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தரையில் படம் வரைந்துகொண்டிருந்த ஆரணியை அப்பா கூப்பிட்டு, தொலைபேசியை அவள் கையில் கொடுத்தார்.

"நீ சொல்லு தாயி. மொதல்ல இருந்து சொல்லு."

ஆரணி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "என்ட பேர் ஆரணி" என்று தொடங்கினாள்.